பென்சிலில் எழுதிய தாள்

அத்தியாயம் 14

நாற்பத்து நான்கு வயதில் பரீட்சைக்குக் கிளம்பும் மனைவியிடம் ஒரு கணவர் என்ன சொல்லலாம்? "நல்லா எழுதும்மா" என்று சொல்லலாம். அதற்கு மனசு வரவில்லையென்றால் வாயை மூடிக்கொண்டு காபியைக் குடிக்கலாம். ஹீரோ இரண்டையும் செய்யவில்லை. கண்ணாடி முன்னால் நின்று மீசைக்குக் கறுப்பு தடவிக்கொண்டே, "தண்ணி பாட்டில் எடுத்துக்கிட்டியா பாப்பா? டீச்சர் அடிச்சா அப்பாகிட்ட வந்து சொல்லு" என்றார்.

சொல்லிவிட்டு அவரே சிரித்துக்கொண்டார். அவருடைய நகைச்சுவைக்கு வீட்டில் அவர் ஒருவர்தான் ரசிகர்.

மேனேஜரம்மா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "மீசையில ஒரு பக்கம் விட்டுப்போச்சு" என்று மட்டும் சொன்னாள். உண்மையில் எதுவும் விட்டுப்போகவில்லை. ஆனால் இனிப் பத்து நிமிடத்துக்கு மனிதர் கண்ணாடியை விட்டு நகரமாட்டார், வீடு நிம்மதியாக இருக்கும். இருபத்தொரு வருடக் குடித்தனத்தில் அவள் கற்றுக்கொண்ட வித்தை அது.

இந்தக் குடும்பத்துக்குள் இன்றைக்குத்தான் நுழைகிறவர்களுக்கு நாலு வார்த்தை. மேனேஜரம்மா என்பது நாடகக் குழுவினர் அவளுக்கு வைத்த பெயர். நகரத்தின் பெரிய நாடக அரங்கில் இருபத்து மூன்று வருடமாக அவள்தான் மேடை மேனேஜர். மேடை ஓரத்தில் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து, காதில் மாட்டிய கருவியில் அவள் "போ" என்று சொன்னால்தான் திரை எழும், விளக்கு மாறும், கதவு திறக்கும். அவள் சொல்லாதவரை எந்தச் சக்கரவர்த்தியும் இருட்டில் நிற்க வேண்டியதுதான். ஹீரோ என்பவர் அதே மேடையில் இளவரசன் வேஷம் கட்டுகிற அவள் கணவர்.

அத்தனை வருடமும் தற்காலிக ஊழியர் என்றே அவளை வைத்திருந்த அரங்க நிர்வாகக் குழு, போன வருடம் திடீரென்று விழித்துக்கொண்டது. பதவியை நிரந்தரமாக்குகிறோம், ஆனால் மேனேஜர் பட்டதாரியாக இருக்க வேண்டும் என்று தீர்மானம் போட்டது. சமையல் முடிந்து இலை போட்ட பிறகு, சமைத்தவளுக்கு அடுப்பு பற்றவைக்கத் தெரியுமா என்று கேட்ட கதைதான்.

அவளும் பட்டப்படிப்பில் சேர்ந்தவள்தான். கடைசி வருடத்தில் அரங்கம் கூப்பிட, பாதியில் விட்டுவிட்டுப் போனாள். அதே வகுப்பில் உட்கார்ந்திருந்த ஹீரோ, அவள் எழுதி வைத்த நோட்டுகளைப் படித்து மூன்றாம் வகுப்பில் தேறினார். அந்தப் பட்டம் கூடத்தில் கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்குகிறது. அதற்குத் தூசி தட்டுகிறவளும் இவள்தான். வகுப்பில் 'நீ'யாக இருந்தவர் கல்யாணத்துக்குப் பிறகு 'நீங்க' ஆனார். அதைத் தவிர அவரிடம் வேறு முன்னேற்றம் எதையும் அவள் காணவில்லை.

விட்ட இடத்திலிருந்து தொடரலாம் என்று பல்கலைக்கழகம் அனுமதி கொடுத்தது. ஆறு தாள் எழுதியாகிவிட்டது. இன்றைக்கு ஏழாவது, கடைசி. நாளைக் காலை பத்து மணிக்கு நிர்வாகக் குழு கூடுகிறது. ஏழு தாளும் எழுதி முடித்தார் என்று துறையிலிருந்து ஒரு கடிதம் கொடுத்துவிட்டால் ஸ்டூல் அவளுடையது. இல்லாவிட்டால் நாளையிலிருந்து யாரோ ஒரு பட்டதாரிக்குக் கீழே அவள் எடுபிடி.

"அம்மா, பையில ரெண்டு பேனா வெச்சிருக்கேன். நீலம்" என்றாள் மகள்.

மகள் அதே பல்கலைக்கழகத்தில் புள்ளியியல் படிக்கிறாள். இருவரும் ஒரே பஸ்ஸில்தான் போவார்கள். இறங்கியதும் மகள் பத்தடி முன்னால் போய்விடுவாள். இரண்டு வாரத்துக்கு முன்பு ஒரு தோழி, "அது யாருடி, புது டீச்சரா?" என்று கேட்டபோது அவள் இல்லை என்று சொல்லவில்லையாம். மேனேஜரம்மா அதைக் கேட்டுக் கோபப்படவில்லை. அந்த வளாகத்தில் டீச்சர்களைப் பார்த்த பிறகு, தன்னை டீச்சர் என்று நினைத்ததுதான் அவளுக்கு அவமானமாக இருந்தது.

முக்கியமாகத் துறைத் தலைவர். அவருக்கு அவள் வைத்த பெயர் அடிக்குறிப்பு. ஒரு வாக்கியம் பேசினால், இன்னார் இப்படிச் சொன்னார், இன்னார் அதை மறுத்தார் என்று அதன் கீழே நாலு வாக்கியம் தொங்கும். நாடகத்தைப் பற்றி மூன்று புத்தகம் எழுதியவர். ஒரு நாடகத்துக்காவது நாற்காலி தூக்கிப் போட்டிருக்கிறாரா என்றால் கிடையாது. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்களே, அந்தச் சுரைக்காய்க்குச் சட்டை பேன்ட் போட்டு விட்டால் அவர்தான். அவர் வாயைத் திறந்ததும் அவள் காது தானாக மூடிக்கொள்ளும். வகுப்பில் அவள் உட்கார்ந்திருந்தது வருகைப் பதிவுக்காக மட்டும்.

இன்றைக்குப் பரீட்சைக் கூடத்திலும் அவர்தான் மேற்பார்வை. தாள் 'மேடை நிர்வாகம்'. அவளுடைய தொழிலில் அவளுக்கே பரீட்சை வைக்கிறார்கள்.

முதல் கேள்வியைப் படித்ததும் சிரிப்பு வந்துவிட்டது. ஒரு காட்சியைக் கொடுத்து, அதற்கு மேடை மேனேஜரின் குறிப்பேட்டுப் பக்கத்தைத் தயாரிக்கச் சொல்லியிருந்தார்கள். இதை அவள் தூக்கத்தில் எழுதுவாள். கை தானாகப் பைக்குள் போய்ப் பென்சிலை எடுத்தது, சீவியது.

மேடைக் குறிப்பேட்டை எவரும் பேனாவில் எழுதமாட்டார்கள். இன்றைக்கு மூன்றாம் படியில் நிற்கிற நடிகர் நாளைக்கு இரண்டாம் படியில் நிற்பார். அழித்து எழுத வேண்டும். பேனாவில் எழுதி அடித்துத் திருத்தினால், எது பழையது எது புதியது என்று இருட்டில் தெரியாமல் தப்பான விளக்கு விழும். இருபத்து மூன்று வருடத்தில் அவள் மேடை விஷயம் ஒன்றைக்கூட மையில் எழுதியதில்லை. மற்ற ஆறு தாளும் யாரோ எப்போதோ செய்ததைப் பற்றியவை. அவற்றை மகளின் பேனாவில், கடனே என்று எழுதினாள். இது அப்படியல்ல.

முன்னால் அடிக்குறிப்பு எழுந்து நின்று ஏதோ அறிவித்துக்கொண்டிருந்தார். நடுவில் ஒருமுறை, முடிவில் ஒருமுறை திரும்பவும் சொன்னார். அவள் பென்சில் முனையை ஊதிக்கொண்டிருந்தாள்.

மூன்று மணி நேரம், முப்பத்திரண்டு பக்கம். பக்கத்திலிருந்த பிள்ளைகள் விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தபோது அவள் குனிந்த தலை நிமிரவில்லை. இரண்டாவது கேள்வி, 'கியூ என்பதை மூன்று அறிஞர்களின் வரையறைகளுடன் விளக்குக.' மேடையில் ஒன்று நடப்பதற்கான அடையாளம் கியூ. அதைச் சொல்ல மூன்று பேரா? வரையறைகளை எழுதிவிட்டு, தன் பங்குக்கு ஒன்று சேர்த்தாள். "மூவரும் மூன்று விதமாகச் சொல்கிறார்கள். ஒரே ஒரு நாள் மேடை ஓரத்தில் நின்றிருந்தால் மூவரும் ஒரே விதமாகச் சொல்லியிருப்பார்கள்."

எழுதும்போது இனித்தது. பரீட்சையில் இவ்வளவு சந்தோஷம் உண்டா என்று அவளுக்கே ஆச்சரியம்.

மணி அடித்தது. அடிக்குறிப்பு தாள்களை வாங்கிக்கொண்டே வந்தார். அவளுடையதை வாங்கி, பக்கம் புரட்டி, நின்றார்.

"மேடம், இது பென்சில்."

"ஆமா."

"படம், பட்டியல் எல்லாமே பேனாவுலதான் போடணும், பென்சில்ல எழுதினா தாள் செல்லாதுன்னு மூணு தடவை சொன்னேன்."

அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. சொல்லியிருக்கிறார். உதடு அசைந்ததை அவள் பார்த்தாள். சத்தம்தான் காதில் ஏறவில்லை.

"இதைத் தனியா வெக்கிறேன்" என்றார் அவர். குரலில் கோபமும் இல்லை, சந்தோஷமும் இல்லை. "அஞ்சு மணிக்கு விடைத்தாள் கட்டுக்கு முத்திரை வெப்பாங்க. அதுக்குள்ள மனு கொடுத்தா, என் முன்னால உட்கார்ந்து மையில திருப்பி எழுத நான் அனுமதிக்கலாம். விதியில அப்படி ஒண்ணு இருக்கு. நீங்க கேட்டாத்தான்."

கேட்டிருக்கலாம். வாய்வரைக்கும் வந்தது. சுரைக்காயிடம் போய்க் கேட்பதா?

"சரி சார்" என்று பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டாள். ஆனைக்கும் அடி சறுக்கும். ஆனால் சறுக்கிய ஆனை இப்படி வீம்பாக நடந்து போய்ப் பார்த்ததில்லை.

கேன்டீனில் மகள் தோழிகளை விட்டு எழுந்து வந்தாள். அம்மாவின் முகம் அப்படி இருந்தது.

"எப்படி எழுதினே?"

"நல்லாத்தான் எழுதினேன். செல்லாதாம்." நடந்ததைச் சொன்னாள்.

மகள் நெற்றியில் கை வைத்துக்கொண்டாள். "பேனா வெச்சேனேம்மா. ஒண்ணுக்கு ரெண்டு."

"கை பென்சிலுக்குப் போயிடுச்சு."

"சரி. அஞ்சு மணி வரைக்கும் நேரம் இருக்குல்ல? இங்க ஏன் உட்கார்ந்திருக்கே?"

"அந்தாளு கால்ல போய் விழச் சொல்றியா?"

"கால்ல யாரு விழச் சொன்னா? வாயைத் திறந்து கேளுன்னு சொல்றேன்."

"இருபத்து மூணு வருஷமா நான் யார்கிட்டயும் கேட்டதில்ல. சொல்லித்தான் பழக்கம்."

"அதான் தெரியுதே. அடுத்தவங்க சொன்னா கேக்கிற பழக்கமும் இல்லைன்னு" என்றாள் மகள். "உனக்கு யாரைத்தாம்மா மதிக்கத் தெரியும்? சாரை மதிக்கிறதில்ல, அப்பாவை மதிக்கிறதில்ல. நான் ஒரு கணக்கு போட்டா அதையும் ஒரு தடவை சரிபார்க்கிறே."

மேனேஜரம்மாவுக்குச் சுருக்கென்றது. பதில் தேடினாள். வாயில் வந்ததெல்லாம் அந்தப் பெண் சொன்னதை நிரூபிக்கிற மாதிரியே இருந்ததால் டீயைக் குடித்தாள்.

மகள் குரலைத் தணித்தாள். "நாளைக்கு உன்கிட்ட லெட்டர் இல்லைன்னா அந்தப் போஸ்ட் யாருக்குப் போகும்னு தெரியுமா?"

"எவனாவது வரட்டும். பட்டம் வாங்கினவன் எவனும் அந்த ஸ்டூல்ல ஒரு வாரம் தாங்கமாட்டான்."

"அப்பாதாம்மா."

"எந்த அப்பா?"

"எனக்கு எத்தனை அப்பா இருக்காங்க? போன மாசமே அப்ளிகேஷன் போட்டுட்டாரு. நான்தான் டைப் பண்ணிக் கொடுத்தேன். உன்கிட்ட சொல்லிட்டேன்னு சொன்னாரு."

டீ பாதி இருந்தது. மேனேஜரம்மா எழுந்துவிட்டாள்.

மூன்று மணிக்கு அரங்கத்தில் விளக்கு ஒத்திகை. அவளே குறித்த நேரம். ஒத்திகையை ஆரம்பித்துவிட்டு, முதல் இடைவெளியில் மேக்கப் அறைக்குப் போனாள். ஹீரோ கால்மேல் கால் போட்டு, முகத்தில் பாதி வர்ணத்தோடு உட்கார்ந்திருந்தார்.

"வா, வா. பரீட்சை எப்படி? பாஸா?"

"மேனேஜர் வேலைக்கு மனு போட்டிருக்கீங்களா?"

நல்ல நடிகராக இருந்தால் அந்த இடத்தில் முகத்தை மாற்றாமல் இருந்திருப்பார். இவர் கண்ணாடியைப் பார்த்தார்.

"உனக்காகத்தான் போட்டேன். உனக்கு ஏதாவது ஆயிடுச்சுன்னா போஸ்ட் வீட்டை விட்டுப் போயிடக்கூடாதில்ல? ஒரு முன்ஜாக்கிரதைதான். நீ வழக்கம்போல வேலையைப் பாரு. நான் கையெழுத்து மட்டும் போடறேன்."

"வேலை நான் பார்க்கணும். பேர் உங்களுக்கு."

"புருஷன் பெண்டாட்டிக்குள்ள என்ன உன் பேர், என் பேர்?" ஹீரோவுக்குத் தன் வசனம் தனக்கே பிடித்துப்போயிற்று. "எனக்கும் வயசாகுதும்மா. அடுத்த வருஷம் இளவரசன் வேஷத்தைச் சின்னப் பையனுக்குக் கொடுக்கப் போறாங்களாம். நானும் ஒரு இடத்துல உட்காரணும்ல? பெரிய வேலையா என்ன? லைட்டைப் போடு, அணைன்னு சொல்றது. வீட்ல சொல்றதில்லையா?"

அவள் கதவில் சாய்ந்து நின்றாள். "ரெண்டாம் அங்கத்துல மாடிப்படியில இறங்கி வர்றீங்களே. அதுக்கு முன்னாடி இருட்டுல எத்தனை பேர் நகர்றாங்க?"

"இருட்டுல யாரு நகரப் போறா?"

"பதினொரு பேர். படியைத் தள்ளிட்டு வர்றது நாலு பேர். உங்க காலுக்குக் கீழே கட்டை வெக்கிறது ஒருத்தர். அவர் கையை எடுத்துட்டாருன்னு எனக்குத் தெரிஞ்சப்புறம்தான் உங்களுக்கு வெளிச்சம்."

"நான் வந்து நின்னா வெளிச்சம் வருது. இருபது வருஷமா வருது" என்றார் ஹீரோ. பொய் சொல்லவில்லை. அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தார்.

அவளுக்கு அழுகை வரவில்லை, அருவருப்பாக இருந்தது. இவருக்கா நோட்டு எழுதிக் கொடுத்தோம் என்று இருந்தது. எத்தனை தடவை ஒத்திகையில் இதைச் சொல்லியிருப்பாள்? ஒன்றுகூட இவர் காதில் ஏறவில்லை, ஏனென்றால் சொன்னது யாரோ ஸ்டூலில் உட்கார்ந்திருக்கும் ஒருத்தி. அந்த நினைப்போடு சேர்ந்து காலையில் பரீட்சைக் கூடத்தில் ஊதிய பென்சிலும் ஞாபகத்துக்கு வந்தது. அது அவளுக்குப் பிடிக்கவே இல்லை.

மணி மூன்றே முக்கால். காதுக் கருவியையும் குறிப்பேட்டையும் கொண்டுவந்து அவர் மடியில் வைத்தாள்.

"என்ன இது?"

"நாளைக்கு உட்காரப் போறவர் இன்னைக்கே உட்காருங்க. லைட்டைப் போடு, அணை. வீட்ல சொல்ற மாதிரி."

"ஏய், ஒத்திகை நடுவுல எங்க போறே?"

இருபத்து மூன்று வருடத்தில் அவள் ஒத்திகையை விட்டுப் போனது அதுவே முதல் தடவை. பின்வாசலில் காவல்காரர் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு அவளைப் பார்த்தார்.

நாலு இருபதுக்குத் துறைத் தலைவர் அறை. விடைத்தாள்கள் மேஜையில் கட்டுக்கட்டாக இருந்தன. ஒன்று மட்டும் தனியாக, பிரித்து வைத்திருந்தது.

"சார், மனு கொடுக்கணும்" என்றாள். "அனுமதி கேக்கறேன்."

அவர் உட்காரச் சொன்னார். "உங்க ரெண்டாவது விடையைப் படிச்சேன். அந்த மூணு பேரும் மேடை ஓரத்துல நின்னதில்லைன்னு எழுதியிருக்கீங்க. மூணாவதா இருக்கிறவர் என் ஆசிரியர். பதினெட்டு வருஷம் திரை இழுத்தவர். கை விரல் ரெண்டு கயித்துல போச்சு. வகுப்புல இதை ரெண்டு தடவை சொல்லியிருக்கேன்."

மேனேஜரம்மாவுக்கு வெட்கம் காது நுனி வரைக்கும் ஏறியது.

அவர் படிவத்தை நகர்த்தினார். காரணம் என்ற இடத்தில், 'தொழில் பழக்கத்தால் பென்சிலில் எழுதிவிட்டேன்' என்று எழுதிக் கொடுத்தாள். அவர் படித்துவிட்டுத் திருப்பித் தள்ளினார்.

"பழக்கம் முதல் வரிக்குச் சரி மேடம். முப்பத்திரண்டு பக்கத்துக்கு அது காரணமில்லை."

புதுப் படிவம் கொடுத்தார். இந்த முறை அவள் இப்படி எழுதினாள். 'மேற்பார்வையாளர் மூன்று முறை அறிவித்தார். அவரை நான் மதிக்காததால் கவனிக்கவில்லை.'

அவர் அதை இரண்டு முறை படித்தார். "இதோட நகல் நாளைக்குக் காலையில உங்க நிர்வாகக் குழுவுக்குப் போகும். துறைக் கடிதத்தோட இதையும் இணைக்கணும்னு விதி. அறிவிப்பைக் கவனிக்காதவங்கன்னு மேடை மேனேஜர் பதவிக்கு நிக்கிறவங்களே எழுதிக் கொடுத்த மாதிரி ஆகும். தெரிஞ்சுதான் எழுதினீங்களா?"

"தெரிஞ்சுதான் சார்."

"மாத்தி எழுதறீங்களா?"

"வேண்டாம்."

அவர் கையெழுத்துப் போட்டார். "மணி நாலு முப்பத்தாறு. அஞ்சுக்கு முத்திரை. எத்தனை பக்கம் மையில வருதோ அத்தனைதான் செல்லும். போனைக் கொடுங்க."

கொடுக்க நீட்டியபோதே அது அடித்தது. வீட்டுக்காரர். அவள் அடிக்குறிப்பைப் பார்த்தாள். அவர் தலையாட்டினார். எடுத்தாள்.

"எங்கே இருக்கே?" ஹீரோவின் குரலில் இப்போது வசனம் இல்லை. பின்னால் யாரோ யாரையோ திட்டுவது கேட்டது. "லைட்டெல்லாம் அணைஞ்சு போச்சு. எல்லாரும் இருட்டுல நிக்கறாங்க. படிக்கட்டு பாதியில நிக்குது. நான் என்ன சொன்னாலும் எவனும் நகரமாட்டேங்கறான். அடுத்தது என்ன?"

இருபத்து மூன்று வருடமாக அந்த ஒரு கேள்விக்கு மட்டும் அவளிடம் பதில் இல்லாமல் இருந்ததில்லை. முன்னால் முப்பத்திரண்டு பக்கம் கிடந்தது. நாளைக் காலை பத்து மணிக்கு அவள் எழுதிக் கொடுத்த வரியை நிர்வாகக் குழு படிக்கும், அதே மேஜையில் இவருடைய மனுவும் இருக்கும்.

"தெரியலைங்க" என்றாள்.

"தெரியலையா? உனக்கா?"

"எனக்குத்தான்."

போனை அடிக்குறிப்பின் கையில் கொடுத்துவிட்டு, அவள் மகளின் நீலப் பேனாவைத் திறந்தாள்.